கை நடுங்கும் முன்பே

1817-இல் லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்கவாதம் பற்றி 66 பக்கத்தில் ஒரு சிறு நூல் போட்டார். மொத்தமே ஆறு நோயாளிகள். அதிலும் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள்தான். ஆனாலும் நடுக்கம், முன்னால் வளையும் உடல், ஓட்டமாகிவிடும் நடை என்று அவர் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது. சறுக்கிய இடம் ஒன்று உண்டு. புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்.

பிற்பாடு பாரிஸில் ஷார்கோ, இந்நோய்க்கு பார்க்கின்சன் பெயரையே சூட்டியவர், மனமும் காலப்போக்கில் மங்குகிறது என்று திருத்தினார். ஆனாலும் நோயாளியின் சோகத்தை நோயாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை இப்படி ஆடினால் யாருக்குத்தான் மனசு உடையாது என்று விட்டுவிட்டார்கள்.

துப்பு கிடைத்தது நம்மூர் வேர் ஒன்றில். சர்ப்பகந்தி. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதினார். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடல் இறுகி பார்க்கின்சன் போலவே ஆனது. சிலர் மனச்சோர்வில் விழுந்ததாகவும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இரண்டாவது எந்த அளவுக்கு உண்மை என்ற சந்தேகம் பின்னாளில் எழுந்தது. ஆனால் மனச்சோர்வுக்கு மூளை வேதியியலில் காரணம் தேடும் ஆய்வுகளுக்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

1957-இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருந்ததைக் காட்டினார்கள். ரெசர்பின் காலிசெய்தது டோபமைனை மட்டுமல்ல. செரடோனினையும் நார்அட்ரினலினையும் கூடத்தான். பார்க்கின்சனிலும் இம்மூன்றும் குறைகின்றன.

2003-இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக், பலருக்கு இந்நோய் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் தொடங்கி மேலேறுகிறது என்றார். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனாலும் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே சிலருக்குப் பதற்றமும் சோர்வும் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. அந்தச் சோகம் நோயைக் கண்டு வந்ததாக இருக்க முடியாது. அப்போது நோய் இருப்பதே அவருக்குத் தெரியாதே!

இன்று பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. முகத்தசை இறுகிவிடுவதால் சோகம் வெளியே தெரிவதில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் சிலருக்குக் காரணமில்லாத பயம் கவ்வும்; அடுத்த வேளை மாத்திரை வேலை செய்ததும் விலகும். இதற்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. ஆனால் மருத்துவரிடம் போனால் கை நடுக்கத்தைச் சொல்கிறோம், நடையைச் சொல்கிறோம். "அப்பா இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதே இல்ல" என்பதை மட்டும் சொல்லாமல் வந்துவிடுகிறோம். வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

1817-இல் விட்டுப்போனது அதுதான். அடுத்த தடவை அதையும் சொல்லுங்கள்.