15 வயசு தாண்டிய டீசல் கார்: வச்சுக்கலாமா, வித்துடலாமா? ஆர்.சி முதல் பம்ப் வரை முழு விவரம்

உங்க வீட்டு இன்னோவாவுக்கோ, ஸ்விஃப்ட் டீசலுக்கோ 15 வயசு முடியப்போகுதா? "டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான்", "ஆர்.டி.ஓ ஆபீஸ்ல புதுப்பிச்சுத் தர மாட்டாங்க", "இனிமே ஸ்பேரே கிடைக்காது" என ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். இந்தப் பயத்திலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் நிறைய பேர்.

அதே நேரத்தில், 20, 25 வயதான அம்பாசிடர் டீசலையும் குவாலிஸையும் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான். பழைய டீசல் காரில் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. அதற்கு முன்பே பேப்பரும் ஸ்பேரும்தான் வண்டியை ஓரம் கட்டும். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? பார்க்கலாம்.

டீசல் காருக்கு 10 வருஷம்தான் ஆயுளா?

இது டெல்லி கதை, தமிழ்நாட்டுக் கதை இல்லை. டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2025 ஜூலை 1 முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு டெல்லி பங்க்குகளில் எரிபொருளே கிடையாது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அது நின்றுபோனது. வயசை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக்கூடாது என 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு மட்டும்தான் என டிசம்பரில் திருத்தியது.

தமிழ்நாட்டில் தனியார் பயன்பாட்டு டீசல் காருக்கு இப்படி 10 வருடத் தடை இல்லை. மத்திய அரசின் 2021 ஸ்கிராப் கொள்கையும் தனியார் காரை வயசை மட்டும் பார்த்து உடைக்கச் சொல்லவில்லை. வண்டி தகுதியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 15 வருடம் தாண்டினால் ஓடக்கூடாது என்ற விதி அரசு வண்டிகளுக்குத்தான். அது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

ஆர்.சி புதுப்பிக்க என்ன செய்யணும்?

தனியார் காரின் ஆர்.சி முதலில் 15 வருடத்துக்குச் செல்லும். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ல் விண்ணப்பிக்கணும். காலாவதி தேதிக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வண்டியை நேரில் கொண்டுபோய் சோதனைக்குக் காட்ட வேண்டும்.

கட்டணம் எவ்வளவு? 2022 ஏப்ரலுக்கு முன்பு வெறும் 600 ரூபாயாக இருந்தது, 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். வரி, பசுமை வரி எல்லாம் தனி. காலாவதியான பிறகு தாமதமாகப் போனால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கட்டணும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருடம் விட்டால் அதுவே 12,000 ரூபாய்.

அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்.சி தேதி, இன்சூரன்ஸ் தேதி, புகைச் சான்றிதழ் தேதி மூன்றையும் போனில் ரிமைண்டராகப் போட்டு வைப்பது நல்லது.

அப்போ 'விண்டேஜ்' கார் ஆக்கிடலாமா?

முடியாது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, விண்டேஜ் அந்தஸ்து பெற வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்கணும். பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் நிலையில் இருக்கணும். 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் 10 வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது.

இந்தியாவில் தயாரான டீசல் கார்களில் பெரும்பாலானவை 1980-களுக்குப் பிறகு வந்தவை. அதனால் 50 வயதை எட்டவில்லை. 15 வயதில் 'பழைய வண்டி' என்று முத்திரை குத்தப்பட்டு, 50 வயதில்தான் 'பாரம்பரிய வண்டி' என்ற மரியாதை கிடைக்கிறது. நடுவில் இருக்கும் 35 வருடத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. உரிமையாளர்கள் ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்துப் பழகுவது இந்த இடைவெளியில்தான்.

ஒரு இன்ஜின், பல கார்கள்

பழைய டீசல் பிரியர்களிடம் இருக்கும் பெரிய சொத்து, எந்தக் காருக்கு எந்த இன்ஜின் என்ற தகவல். சில உதாரணங்கள்:

● அம்பாசிடரின் பிந்தைய டீசல் மாடல்களில் இருந்தது இசுசு 2.0 லிட்டர் இன்ஜின். கான்டெஸா டீசலிலும் அதேதான். 2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுவிட்டாலும், இன்றும் இந்த இரண்டு வண்டிக்காரர்களும் ஒரே கடையில் ஸ்பேர் தேடுகிறார்கள்.

● மாருதி ஜென் டீசல், எஸ்டீம் டீசல் இரண்டிலும் இருந்தது பிரான்ஸின் பியூஜோ நிறுவனத்தின் 1,527 சிசி இன்ஜின். 1990-களில் இங்கே விற்ற பியூஜோ 309 டீசலிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான்.

● ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட், அதாவது 1,248 சிசி. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபியட் புன்டோ, லீனியா, டாடா விஸ்டா என ஏகப்பட்ட கார்களில் வந்தது. 'இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின்' என்று செல்லப்பெயரே உண்டு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும், இத்தனை கார்களில் இருந்ததால் ஸ்பேருக்கு இப்போதைக்குப் பெரிய பஞ்சம் இல்லை.

கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லைங்க" என்று சொல்லும் கடைக்காரர், இன்ஜின் பெயரைச் சொன்னால் பரணிலிருந்து எடுத்துத் தருவார். சென்னையில் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்கு புதுப்பேட்டை என்று அலைபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஏன் இவ்வளவு காலம் உழைக்குது?

பழைய டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே எரியும். இந்த அழுத்தத்தைத் தாங்க இன்ஜினைக் கனமாகச் செய்திருப்பார்கள்.

அம்பாசிடர், ஆரம்பகால இண்டிகா, குவாலிஸ் போன்றவற்றில் டீசலை அளந்து அனுப்புவது மெக்கானிக்கல் பம்ப். நாசில் திறக்க 100 முதல் 200 பார் அழுத்தமே போதும். பெரிய கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கோளாறு வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் காதால் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார்.

2000-க்குப் பிறகு பரவிய காமன் ரெயில் இன்ஜின்கள் வேறு ரகம். அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். இன்ஜெக்டரைக் கட்டுப்படுத்துவது இசியு என்ற கம்ப்யூட்டர். மைலேஜும் இழுவையும் அதிகம், சத்தம் குறைவு. ஆனால் டீசலில் தூசியோ தண்ணீரோ கலந்தால் இன்ஜெக்டர் காலி. பழைய நாசிலை மாற்றும் செலவையும், காமன் ரெயில் இன்ஜெக்டர் செட் மாற்றும் செலவையும் ஒப்பிடவே முடியாது.

இதையெல்லாம் மறக்காதீங்க

டீசல் ஃபில்டர்: இன்ஜினைக் காப்பாற்றும் மலிவான பொருள் இதுதான். ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்கும், அதைத் திறந்துவிடணும். ஃபில்டர் மாற்றியபின் ஏர் லாக் ஆகும். கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யணும். சும்மா செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்தான் வீணாகும்.

ஹீட்டர் பிளக்: காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குதா? முதலில் இதைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் குளிரில் இன்ஜின் திணறும். பம்ப்பைக் கழற்றும் முன் இந்தச் சின்ன சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

டைமிங் பெல்ட்: இண்டிகா, குவாலிஸ், பழைய இன்னோவா ஆகியவற்றில் டைமிங் பெல்ட் உண்டு. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் கட்டாயம் மாற்றணும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் வேலை வரை போகலாம். மல்டிஜெட்டில் செயின்தான், ஆனாலும் சத்தம் வந்தால் அலட்சியம் கூடாது. மைலேஜ் மீட்டரை நம்ப முடியாத செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், வாங்கியதும் முதல் வேலை பெல்ட்தான்.

கூலன்ட்: ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். வெயில் காலத்தில் சூடேறி ஹெட் கேஸ்கெட் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டர்போ: நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடனே சாவியைத் திருப்பாமல், அரை நிமிடமாவது ஐட்லிங்கில் விடுங்கள்.

புகையின் நிறம் சொல்லும் சேதி

● கறுப்பு: டீசல் அதிகம் போகுது அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் செட்டிங் என்ற வரிசையில் பார்க்கணும்.

● வெள்ளை: காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பெரும்பாலும் எரியாத டீசல். இன்ஜின் சூடான பிறகும் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

● நீலம்: இன்ஜின் ஆயில் எரியுது. ரிங், வால்வு சீல், டர்போ மூன்றில் ஒன்று.

புது டீசல் பழைய பம்ப்பைக் கெடுக்குமா?

அடிக்கடி வரும் சந்தேகம் இது. பிஎஸ்-2 காலத்தில் டீசலில் 500 பிபிஎம் வரை கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கக் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் அது 10 பிபிஎம் மட்டும். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்பும் குறையும். பல பழைய பம்ப்களுக்கு அந்த டீசல்தான் மசகு எண்ணெய். அதனால்தான் பயம்.

ஆனால், வழவழப்புக்கும் தர அளவு உண்டு. அதற்கேற்ப சேர்மானம் கலந்துதான் பங்க்குக்கு டீசல் வருகிறது. சிலர் 2டி ஆயிலைக் கலப்பார்கள். அது அவசியமில்லை, புகை வடிகட்டி உள்ள புது வண்டியில் கலக்கவே கூடாது. பழைய பம்ப்பில் நிஜமான பிரச்னை, வயசான ரப்பர் சீல் சுருங்கிக் கசிவது. டீசல் வாடையோ, பம்ப் மேல் ஈரமோ தெரிந்தால் பம்ப் நாசில் பட்டறையில் கொடுத்து சீல் கிட் மாற்றினால் போதும்.

மாசு குற்றச்சாட்டில் நியாயம் இருக்கா?

இருக்கு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக அறிவித்தது. துகள் மாசுக்கான வரம்பு பிஎஸ்-4 டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம், பிஎஸ்-6 காருக்கு 4.5 மில்லிகிராம்தான். எவ்வளவுதான் பார்த்துப் பார்த்து சர்வீஸ் செய்தாலும் பிஎஸ்-2 வண்டி பிஎஸ்-6 ஆகாது.

அதே சமயம், பராமரிக்காத வண்டி விடும் புகைக்கும், நாசிலும் பம்ப்பும் சரியாக இருக்கும் வண்டி விடும் புகைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. புகைச் சோதனையில் பிஎஸ்-4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பிஎஸ்-4 வண்டிக்கு 50 அலகுதான் உச்ச வரம்பு. "காசு கொடுத்தா சீட்டு கிடைக்குமே" என்று குறுக்கு வழியில் போகாதீர்கள். உண்மையான ரீடிங் இன்ஜின் நிலைமையைச் சொல்லும் இலவச ரிப்போர்ட் மாதிரி. சான்றிதழ் இல்லாமல் மாட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

● ஆர்.சி-யில் எரிபொருள் 'டீசல்' என்று இருக்கிறதா? ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசிடரில் மெட்டடார் டீசல் இன்ஜினை இறக்குவது சகஜம். ஆர்.டி.ஓ அனுமதி வாங்கி ஆர்.சி-யில் ஏற்றாவிட்டால், புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

● இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் நேரில் ஒப்பிடுங்கள்.

● 'டெல்லி வண்டி, விலை கம்மி' என்றால் உஷார். அந்த ஊர் ஆர்.டி.ஓ-வின் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

● காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

● ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் இன்ஜின் வேலை காத்திருக்கு.

● அடிப்பகுதித் துரு. இன்ஜினை மறுபடி செய்துவிடலாம், அரித்துப்போன பாடியைச் சரிசெய்வதுதான் பெரும் செலவு.

கடைசியா, வச்சுக்கலாமா?

மூன்று கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பேப்பர் சுத்தமா இருக்கா? பாடியில் பெரிய துரு இல்லையா? அந்த இன்ஜின் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்காரா? மூன்றுக்கும் 'ஆமா' என்றால், 5 வருடத்துக்குப் புதுப்பித்து நிம்மதியாக ஓட்டலாம். பேப்பரும் சரியில்லை, பாடியும் அரித்துவிட்டது என்றால் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புது தனியார் வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகளில் இடம் இருக்கு.

மெக்கானிக் மட்டும்தான் இல்லை என்றால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். அதே இன்ஜின் உள்ள கார் வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடுங்கள். அவருடைய மெக்கானிக் நம்பரோடு, எந்த ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்ற பட்டியலும் சேர்ந்தே வரும்.