ஓடினவன் ஸ்லோவா? ஓடின பாதை குட்டையா?

1/ போன சீசன்ல நடந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பையனைக் கூட்டிட்டு வந்தார். "டாக்டருங்க, இவனுக்கு உள்ளுக்குள்ள ஏதோ கோளாறுங்க. ஓட்டம் குறைஞ்சு போச்சு."

2/ பையன் சொன்ன கணக்கு இது. ஊர்ல நடந்த ஒரு 10 கி.மீ. ரோடு ரேஸ்ல 31 நிமிஷம் 5 செகண்ட். ஆறு வாரம் கழிச்சு காலேஜ் கிராஸ் கன்ட்ரி, அதுவும் 10 கி.மீ. 35:20. "நாலு நிமிஷம் போயிருச்சு சார். ரத்தம் கம்மியா இருக்கும். சத்து ஊசி ஏதாவது போட்டு விடுங்க." ஜிம்ல யாரோ ஒருத்தர் ஏற்கனவே ஒரு ஊசி பேரு சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதும்தான் எனக்கு பயம் வந்துச்சு.

3/ ஹீமோகுளோபின், தைராய்டு, ஃபெரிட்டின், இசிஜி எல்லாம் பார்த்தோம். எல்லாம் நார்மல். தூக்கம், சாப்பாடு, எடை, அதுவும் சரி. அப்புறம்தான் முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "தம்பி, அந்த 10 கி.மீ.யை யார் அளந்தது?" பையன் முழிச்சான்.

4/ இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் உலகின் மிகப் பழைய ஆண்டு மாரத்தான், 1897ல் தொடங்கியது. 1950களில் அங்கே நேரங்கள் கடகடவெனக் குறைந்தன. 1956ல் பின்லாந்தின் ஆன்ட்டி விஸ்காரி 2:14:14ல் ஓடி முடித்தார். பிறகு பாதையை அளந்து பார்த்தால் 1,183 கெஜம், அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் குறைவு! சாலைகளை மாற்றி அமைத்ததில் வளைவுகள் நிமிர்ந்து தூரம் சுருங்கியிருந்தது. 1951 முதல் 1956 வரை ஆறு வருட ஓட்டமும் குட்டைப் பாதையில்தான். விஸ்காரியின் வேகத்துக்கு அந்த மிச்ச தூரம் சுமார் மூன்றரை நிமிடம்.

5/ அடுத்தது 1981, நியூயார்க். ஆல்பர்டோ சலசார் 2:08:13. உலகிலேயே அதிவேக மாரத்தான் என்று கொண்டாடினார்கள். அதுவரை இருந்த சிறந்த நேரம், டெரெக் கிளேட்டன் 1969ல் ஓடிய 2:08:33.6. பின்னாளில் நியூயார்க் பாதையைத் திரும்ப அளந்தார்கள். சுமார் 148 மீட்டர் குறைவு. சலசார் வேகத்தில் அது 27 செகண்ட். கூட்டிப் பாருங்க, 2:08:40 வருது. சாதனை ஆறேழு செகண்டில் கைநழுவிப் போச்சு. இன்னொரு வேடிக்கை, கிளேட்டன் ஓடிய ஆன்ட்வெர்ப் பாதையும் குட்டைதான் என்ற சந்தேகம் உண்டு.

6/ இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் 2013, 2014, 2015 மூன்று வருடமும் 380 மீட்டர் குறைவு. ஆயிரக்கணக்கானவர்களின் நேரம் ஒரே நாளில் செல்லாமல் போனது. 2016ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அரை மாரத்தான் சுமார் 150 மீட்டர் குறைவு. கேலம் ஹாக்கின்ஸின் ஸ்காட்டிஷ் சாதனை ரத்தாச்சு.

7/ அப்போ சரியா அளக்குறது எப்படி? பிரிட்டனில் ஜான் ஜுவெல் 1961ல் சைக்கிள் அளவீட்டு முறையை விளக்கி எழுதினார். அமெரிக்காவில் அதை எடுத்துச் சென்றவர் டெட் கார்பிட். 1952 ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர், தொழில் பிசியோதெரபி. (நம்ம துறைக்காரர்னு ஒரு சின்னப் பெருமை!) 1970களில் ஆலன் ஜோன்ஸ் தன் மகனோடு சேர்ந்து முன்சக்கரத்தில் மாட்டும் ஒரு எண்ணியை உருவாக்கினார். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் அது இருபது எண்ணுக்கு மேல் நகரும். ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 9 செ.மீ.

8/ முதலில் ஸ்டீல் டேப்பால் ஒரு நேர்ச்சாலையை அளந்து, அதில் சைக்கிளை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு எத்தனை மீட்டர்னு கணக்கு எடுக்கணும். வேலை முடிஞ்சதும் மறுபடி அதே சாலையில் சரிபார்க்கணும், ஏன்னா வெயிலில் டயர் விரியும். ஸ்டீல் டேப்பும் விரியும். 15 டிகிரி வித்தியாசத்துக்கு 50 மீட்டர் டேப் சுமார் 9 மி.மீ. நீளும். அதுக்கும் திருத்தம் உண்டு. வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில் ஓட்டணும். கடைசியா கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்க்கணும், எந்தத் தப்பு நடந்தாலும் பாதை குட்டையாகிடக் கூடாதுன்னு.

9/ இதைச் சொல்லும்போது பையனை விட அப்பாதான் கவனமா கேட்டார். "துணியை டேபிள்ல விரிச்சு ரிலாக்ஸ் பண்ணாம வெட்டுனா, வாஷிங் போனதும் சுருங்கிருமுங்க. அதான் ஷ்ரிங்கேஜ் சேர்த்து வெட்டுவோம்" என்றார். அதேதாங்க. கிலோமீட்டருக்கு 1 மீட்டர்ங்கறது ரோட்டோட ஷ்ரிங்கேஜ்.

10/ நம்ம ஊர்ல பல ரேஸுக்கு என்ன பண்றாங்க? பைக் மீட்டர். டயர் தேய்ஞ்சிருந்தா சுற்றளவு குறையும், சுற்று கூடும், மீட்டர் அதிகமா காட்டும், பாதை குட்டையாகும். வெறும் 3 சதவீதம் தப்புன்னா 10 கி.மீ.யில் 300 மீட்டர். நிமிஷக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். கையில கட்டுற ஜிபிஎஸ் வாட்ச்சும் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும். அதை வச்சு பாதை போட்டாலும் இதே கதை.

11/ சரி, ரோடு புரிஞ்சுது. கிராஸ் கன்ட்ரி? அதுக்கு 35:20 ஏன்? இங்கதான் முக்கியமான விஷயம். கிராஸ் கன்ட்ரியில் நேரத்தை யாரும் நம்பறதே இல்லை. புல், சேறு, உழுத மண், மேடு, பள்ளம். அதனால்தான் அதுக்கு உலக சாதனைன்னு ஒண்ணு கிடையாது. டீம் புள்ளியே நேரத்தைக் கூட்டிப் போடறதில்லை, வந்த இடத்தைக் கூட்டிப் போடறது. முதல்ல வந்தா 1, பத்தாவது வந்தா 10. குறைவான கூட்டல் உள்ள டீம் ஜெயிக்கும். பாதை எப்படி இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே பாதைதானே!

12/ 1924 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரி. கடும் வெயில். 38 பேர் தொடங்கி 15 பேர்தான் முடித்தார்கள். பாவோ நூர்மி ஜெயித்தார். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் போட்டியே போனது. 2007 மார்ச்சில் கென்யாவின் மொம்பாசாவில் உலக கிராஸ் கன்ட்ரி. வெப்பமும் புழுக்கமும். 10,000 மீட்டரில் 26:17.53 என்ற உலக சாதனையைக் கையில் வைத்திருந்த கெனெனிசா பெக்கலே கடைசிச் சுற்றில் விலகிட்டார். அவருக்கு நோயா? அடுத்த வருடமே எடின்பரோவில் அதே பட்டத்தை ஜெயித்தார்.

13/ நம்ம நாட்டுக் கதை ஒண்ணு. பீகார்காரர் ஷிவ்நாத் சிங். 1978ல் ஜலந்தரில் மாரத்தானை 2:12:00ல் ஓடினார். நாற்பது வருடத்துக்கு மேல் யாராலும் தொட முடியாத இந்திய சாதனை. 2019ல் சியோலில் கேரளத்தின் கோபி 2:13:39 வரை நெருங்கினார். 1978, சைக்கிள் அளவீடு உலகம் முழுக்க விதியாகாத காலம். அதனால் அந்த 2:12 பற்றி யாராவது கேள்வி கேட்டா கேட்கட்டும். ஆனா 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவர் 11வதா வந்தார். உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் பக்கத்தில் ஓட, அதே பாதையில். அந்த 11ஐ எந்த டேப்பாலும் சுருக்க முடியாது.

14/ இப்போ நம்ம பையனுக்கு வருவோம். "கிராஸ் கன்ட்ரியில் எத்தனாவது வந்தே?" "நாலாவது சார்." "போன வருஷம்?" "பதினொண்ணு." இதை அவன் ஒரு விஷயமாவே நினைக்கலை! முன்னாடி வந்த மூணு பேருமே ஸ்டேட் லெவல் ஓடுறவங்க. அவன் முன்னேறியிருக்கான். நேரம் மட்டும்தான் பின்னாடி போயிருக்கு.

15/ அடுத்த வாரம் அவனும் நண்பனும் 400 மீட்டர் டிராக்ல சைக்கிள் சக்கரச் சுற்றை எண்ணிக் கணக்கு எடுத்துட்டு, அந்த ரோடு ரேஸ் பாதையை விடியற்காலையில் ரெண்டு தடவை அளந்தாங்க. ஏறக்குறைய 9.6 கி.மீ.தான்! அவனோட நிஜ 10 கி.மீ. 32:20 பக்கம். கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு. இருந்தாலும், இல்லாத நோய்க்கு ஊசி போடறதை விட அந்த வருத்தம் எவ்வளவோ மேல்.

16/ பெற்றோருக்கும் பி.டி. வாத்தியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நேரம் என்ன?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "அளந்தது யாரு, எப்படி?"ன்னு கேளுங்க. கிராஸ் கன்ட்ரின்னா நேரத்தை விட்டுட்டு இடத்தைக் கேளுங்க. அதே டிராக்கில் மாசம் ஒரு தடவை ஓட விட்டு, பையனை அவனோடயே ஒப்பிடுங்க. அதுலயும் தொடர்ந்து குறைஞ்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, மயக்கம் வந்தா உடனே டாக்டரைப் பாருங்க. பேர் தெரியாத ஊசி மட்டும் வேண்டாம்.

17/ கிளம்பும்போது அப்பா மகன்கிட்ட சொன்னது: "முதல்ல டேப்பைச் சரிபாருடா கண்ணு. அப்புறமா துணியைக் குறை சொல்லு." நான் எழுதிக் கொடுத்த எந்த மருந்துச் சீட்டை விடவும் அது நல்ல சீட்டு.