சட்டம் வரவே இல்லை, தோட்டா மட்டும் தீர்ந்துபோச்சு

இன்னைக்கு எபிசோடு, அமெரிக்கக் கடைகளில் ரெண்டு வருஷம் கிட்டத்தட்ட காலியாகவே கிடந்த ஒரு அலமாரியைப் பற்றியது.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன்ங்கிற ஊர். சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கணும்னு அதிபர் ஒபாமா சொன்னார். உடனே நாடு முழுக்கத் துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. 2013 ஜனவரியில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு பெட்டித் தோட்டாதான்னு வால்மார்ட் கட்டுப்பாடு போட்டது.

இதுவரைக்கும் புரியுது. சட்டம் வரப்போகுது, அதுக்குள்ள வாங்கி வெச்சுக்குவோம்னு ஜனங்க நினைச்சாங்க. ஆனா 2013 ஏப்ரல் 17 அன்னைக்கு செனட்டில் அந்த முயற்சி தோற்றது. துப்பாக்கி வாங்குறவங்களோட பின்னணியைக் கூடுதலா சோதிக்கும் திருத்தத்துக்கு 54 ஓட்டு கிடைச்சது, தேவைப்பட்டது 60. சில வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் திருத்தத்துக்கு வெறும் 40. அதாவது, பயத்துக்குக் காரணமான சட்டம் நாலே மாசத்தில் காலி. தட்டுப்பாடு மட்டும் போகலை. மற்ற வகைகள் மெல்ல மெல்லக் கடைக்குத் திரும்பினாலும், பாயின்ட் 22 தோட்டா 2014-லும் கிடைக்காமலே இருந்தது.

இதுதான் எனக்குப் புதிராக இருந்தது. பாயின்ட் 22 மிகச் சின்ன, மலிவான தோட்டாக்களில் ஒண்ணு. அப்பா பிள்ளைக்குச் சுடக் கற்றுத்தரும்போதும், முயல், அணில் வேட்டைக்குப் போகும்போதும் எடுப்பது இதைத்தான். செனட்டில் தோற்ற அந்த ரெண்டு திருத்தங்களும் இந்தத் தோட்டாவைத் தடை செய்யக் கேட்கவே இல்லை. அப்புறம் ஏன் இது மட்டும் இவ்வளவு நாள் காணாமல் போச்சு?

ரெண்டு வதந்தி வேகமாகப் பரவியது. முதலாவது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கோடிக்கணக்கில் தோட்டா வாங்கிக் குவிக்குதுன்னு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதை விசாரித்து 2014-ல் அறிக்கை கொடுத்தது: 2009-க்குப் பிறகு அந்தத் துறையின் கொள்முதல் குறைந்துதான் வந்திருந்தது. இரண்டாவது, மிசௌரியில் இருந்த ஈயத் தாதுவை உருக்கும் கடைசி ஆலையை மூடிட்டாங்க, அதனால்தான் தட்டுப்பாடுன்னு. ஆலை மூடியது உண்மை. ஆனா மூடியது 2013 டிசம்பரில். தட்டுப்பாடு அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்தாச்சு. நம்ம பாஷையில் சொன்னா, பக் ஏற்கெனவே இருக்கு. பிறகு வந்த கமிட் மேல பழி போட முடியாது. தோட்டாவுக்குப் போகும் ஈயத்தில் பெரும்பங்கு மறுசுழற்சியில் வருவதுங்கிறது வேற விஷயம்.

உண்மையான காரணம் சாதாரணமானது. 500 தோட்டா கொண்ட பெட்டியை அங்கே 'பிரிக்'னு சொல்றாங்க, நம்ம செங்கல்தான். தட்டுப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பிரிக் சுமார் 20 டாலர். பத்திரமா வெச்சா பல வருஷம் கெடாது. இப்போ ஒரு கணக்கு. ஒரு கோடிப் பேர் 'எதுக்கும் இருக்கட்டும்'னு ஆளுக்கு ஒரே ஒரு பிரிக் கூடுதலா வாங்கினா, 500 கோடித் தோட்டா. தினம் ஒரு கோடி செய்யும் ஆலைகள் இருந்தாலும், அந்தக் கூடுதலுக்கு மட்டும் 500 நாள் ஆகும். ஒருத்தர்கூடப் பேராசைப்படலை. ஆளுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

அலமாரி காலியா இருக்குறதைப் பார்த்ததும் அதுவே அடுத்த காரணமாகிடுது. டிக்கெட் புக்கிங் பக்கம் சுத்திக்கிட்டே நின்னா நாம என்ன பண்றோம்? ரெஃப்ரெஷ் மேல ரெஃப்ரெஷ். சர்வர் இன்னும் படுத்துடும். அங்கேயும் அதேதான். சரக்கு லாரி வரும் நேரம் தெரிஞ்சு, கடை திறக்கும் முன்னாடியே வரிசை. சிலர் வாங்கி, ரெண்டு மூணு மடங்கு விலைக்கு வித்தாங்க.

சரி, ஆலையைப் பெரிசாக்க வேண்டியதுதானே? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகுது. பெரிய தோட்டாக்களின் பித்தளைக் கூடை எடுத்து, புது பிரைமர் வெச்சு வீட்டிலேயே மறுபடி நிரப்பலாம். பாயின்ட் 22-வில் தீப்பற்றும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுட்டதும் விளிம்பு நசுங்கிடும். சாதாரணமா அதைத் திரும்ப நிரப்புறதில்லை. அதுக்குத் தனி எந்திரங்கள் வேணும், லாபமும் குறைவு. ஆலைகள் இரவும் பகலும் ஓடின. ஆனா இந்தக் கூட்டம் ஒருநாள் கலையும்னு முதலாளிகளுக்குத் தெரியும். 2008-ல் ஒபாமா முதல்முறை ஜெயிச்சப்போ வந்த அலையையும் அது வடிஞ்சதையும் பார்த்தவங்க அவங்க.

அந்தப் பயம் நியாயமானதுதான். 2016-ல் டிரம்ப் ஜெயிச்சதும், புதுச் சட்டம் வராதுங்கிற நிம்மதியில் விற்பனை சரிஞ்சது. 200 வருஷப் பழைய ரெமிங்டன் கம்பெனி 2018-ல் திவாலுக்கு மனு போட்டது, 2020-ல் மறுபடியும். அந்த 2020-லதான் கொரோனா, கலவரங்கள், தேர்தல் எல்லாம் சேர்ந்து வந்தது. துப்பாக்கி தொடர்பான எஃப்பிஐ பின்னணிச் சோதனைகள் 2019-ல் 2.84 கோடி, 2020-ல் 3.97 கோடி. தோட்டாவுக்கு வரலாறு காணாத தேவை வந்த நேரத்தில், நாட்டின் பெரிய தோட்டா ஆலைகளில் ஒன்று ஏலத்தில் நின்னுச்சு. அந்தத் தட்டுப்பாடு 2022 வரைக்கும் இழுத்தது.

அப்போ ஒரு தட்டுப்பாடு எவ்வளவு நாள் நீடிக்கும்? ஆலைக் கணக்கு பாதி பதில்தான். வீட்டு அலமாரிகள் நிரம்பணும். அதுக்கப்புறம் கடையில் சரக்கைப் பார்த்தும், 'அடுத்த வாரமும் இருக்கும், அப்போ வாங்கிக்கலாம்'னு ஒருத்தர் கைவீசிக்கிட்டுத் திரும்பணும். அந்த நம்பிக்கை போறதுக்கு ஒரு செய்தி போதும். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகுது.

இதைப் படிக்கும்போது எனக்கு உறுத்திய விஷயம் ஒண்ணு இருக்கு. 20 குழந்தைகள் செத்த பிறகும் அந்த ரெண்டு திருத்தங்களும் செனட்டில் நிறைவேறலை. வீடுகளில் மட்டும் தோட்டா சேர்ந்தது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.