'தனி' இசைத்தட்டு யாருடையது? ஜார்ஜ் ஹாரிசனும் 1968 பம்பாய் ஒலிப்பதிவும்

பீட்டில்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் தனி இசைவாழ்வு, குழு கலைந்த 1970ஆம் ஆண்டில் தொடங்கியதாக எழுதுவது ராக் இசை வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்னும் மூன்று தட்டுத் தொகுப்பு, அணை உடைந்து பாய்ந்த வெள்ளமாகவே பெரும்பாலும் வருணிக்கப்படுகிறது. இவ்வருணனையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் காலவரிசை வேறொன்றைச் சொல்கிறது. ஹாரிசனின் முதல் தனி இசைத்தட்டான 'வண்டர்வால் மியூசிக்' 1968 நவம்பர் 1ஆம் நாள் பிரிட்டனில் வெளிவந்தது. வெள்ளை உறையால் பெயர்பெற்ற பீட்டில்ஸ் இரட்டைத் தட்டு வெளிவர அப்போது இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. குழு உச்சத்தில் இயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தனிப்பாதையும் திறந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

குழுவுக்குள் ஹாரிசனின் இடம் எத்தகையது? ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் இணைந்து பாடல் இயற்றும் ஏற்பாடு, குழு புகழ்பெறுவதற்கு முன்பே உறுதிப்பட்டிருந்தது. கச்சேரியில் பாடகர் மிருதங்கத்துக்குத் 'தனி' விடுவதுபோல, தட்டுக்கு ஒன்றோ இரண்டோ பாடல்கள் ஹாரிசனுக்கு விடப்பட்டன. 1966இல் 'ரிவால்வர்' தட்டில் மூன்று பாடல்கள் கிடைத்தன; அடுத்த ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டில் அது ஒன்றாகக் குறைந்தது. முப்பது பாடல்கள் கொண்ட 1968 இரட்டைத் தட்டிலும் அவருடையவை நான்குதான். அத்தட்டுக்காக நூறு தடவைக்கு மேல் எடுக்கப்பட்ட 'நாட் கில்டி' இறுதியில் விலக்கப்பட்டு, 1979இல் அவருடைய தனித்தொகுப்பில் புதிதாகப் பதிவு செய்யப்பட்டே வெளியுலகைக் கண்டது.

இந்நிலையில் 1967இன் இறுதியில் இயக்குநர் ஜோ மாஸோட் தம் 'வண்டர்வால்' திரைப்படத்துக்கு இசையமைக்க ஹாரிசனை அழைத்தார். ஹாரிசன் காட்சிகளின் நீளத்தை நிறுத்தற்கடிகாரம் கொண்டு அளந்துகொண்டு லண்டனில் ஒலிப்பதிவைத் தொடங்கினார். 1968 ஜனவரியில் பம்பாய் வந்து, எச்.எம்.வி. ஒலிப்பதிவுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். தெருவின் வாகன இரைச்சல் உள்ளே புகும் அளவுக்கு எளிய கூடம் அது. நிறுவன நிர்வாகி பாஸ்கர் மேனன் இருதடப் பதிவுக்கருவி ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். மணிக்கணக்கில் விரியும் இராக இசை, இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக அங்கே செதுக்கப்பட்டது.

இங்கு ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. கிட்டார் கலைஞர் ஒருவரின் 'தனி' இசைத்தட்டு இது. ஆனால் அவர் இதில் எங்கும் பாடவில்லை. பம்பாய்ப் பதிவுகளில் வாசிக்கவும் இல்லை. மெட்டைச் சொல்லிக்கொடுத்து, வாத்தியங்களைத் தேர்ந்து, அளவை வகுத்து, பிறரை வாசிக்கச் செய்தார். குழுவில் பங்கு கேட்டு நின்றவர் இங்கே பங்கு பிரித்துக் கொடுப்பவரானார். 'தனி' என்ற சொல் இவ்விடத்தில் தனிமையைக் குறிக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையைக் குறிக்கிறது.

அவ்வுரிமையை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதைத் தட்டின் பின்னுறை காட்டுகிறது. 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டில் அவருடைய பாடலுக்கு வாசித்த லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் உறையில் இடம்பெறவில்லை. 'வண்டர்வால் மியூசிக்' உறையிலோ சந்தூர் கலைஞர் சிவகுமார் சர்மா, சரோத் கலைஞர் ஆசிஷ் கான், தபலா கலைஞர் மகாபுருஷ் மிஸ்ரா உள்ளிட்டோர் பெயர் பெற்றனர். பெயரிடுதல் சிறு செயல்போலத் தோன்றலாம். ஒலிப்பதிவு வரலாற்றிலோ உழைப்பு ஆவணமாவதும் மறைந்துபோவதும் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பொறுத்தே அமைகின்றன.

தனிப்பணி குழுவின் இசையையும் தொட்டது. பம்பாய் அமர்வுகளின் இறுதியில், புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா உள்ளிட்டோரைக் கொண்டு பதிவான இசையின்மேல், பிப்ரவரியில் லண்டனில் குரல் சேர்க்கப்பட்டது. 'தி இன்னர் லைட்' என்ற அப்பாடல் மார்ச் மாதம் 'லேடி மடோனா' சிறுதட்டின் மறுபக்கமாக வெளிவந்தது. பீட்டில்ஸ் சிறுதட்டு ஒன்றில் இடம்பெற்ற முதல் ஹாரிசன் பாடல் அதுவே. வெளிக்கலைஞரை அழைத்துவரும் பழக்கமும் பின்னர்க் குழுவுக்குள் நுழைந்தது. 1968 செப்டம்பரில் தம் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலுக்கு எரிக் கிளாப்டனையும், 1969 ஜனவரியில் விசைப்பலகைக் கலைஞர் பில்லி பிரெஸ்டனையும் அழைத்து வந்தவர் ஹாரிசன்தான்.

அந்த ஜனவரியில் அவர் குழுவிலிருந்து சில நாட்கள் விலகித் திரும்பினார். பின்னர் லெனனுடன் நடந்த உரையாடலில், குவிந்து கிடக்கும் பாடல்களைத் தனித்தட்டாக்கும் விருப்பத்தைத் தெரிவித்தார். குழுவையும் விடாமல் இரண்டையும் நடத்தலாம் என்பதே அவர் எண்ணம். பிப்ரவரி 25, தம் 26ஆம் பிறந்தநாளில், ஆபி ரோடு கூடத்தில் தனியாக மூன்று பாடல்களின் மாதிரிகளைப் பதிந்தார். அவற்றுள் 'சம்திங்', 'ஓல்ட் பிரவுன் ஷூ' இரண்டும் குழுவுக்குச் சென்றன. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தனித்தட்டுக்குப் போனது. ஒரே நாளில் ஒரே கையிலிருந்து பிறந்தவை இரு வரலாறுகளாகப் பிரிந்தன.

எனினும் 1970 தொகுப்பைத் தேங்கிய பாடல்களின் கிடங்கு என்று மட்டும் கருதலாகாது. 'மை ஸ்வீட் லார்ட்' 1969 இறுதியில் உருவானது. அதே காலத்தில் அவர் கற்கத் தொடங்கிய ஸ்லைடு கிட்டார் வாசிப்பே அப்பாடலின் அடையாளமாயிற்று. ரவிசங்கரிடம் சித்தார் பயின்று, 1968இல் கிட்டாருக்குத் திரும்பியவர் அவர். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்த நாதத்தில் கமகத்தின் நினைவை இந்தியச் செவிகள் எளிதில் இனங்காணும். கிட்டாரை விட்டு விலகியிருந்த ஆண்டுகளே அவருக்குக் கிட்டாரில் சொந்தக் குரலைத் தந்தன எனலாம்.

1974 இறுதியில் ஹாரிசன் வட அமெரிக்காவில் நிகழ்த்திய இசைப்பயணத்தில் ரவிசங்கரின் இந்தியக் குழுவும் மேடையேறியது. பம்பாயில் வாசித்த சிவகுமார் சர்மாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் அதில் இருந்தனர். கர்நாடக மரபிலிருந்து டி.வி. கோபாலகிருஷ்ணனும் எல். சுப்பிரமணியமும் உடன் சென்றனர். பின்னுறையில் சிறு எழுத்தில் இருந்தவர்கள் ஆறாண்டுகளில் அரங்கின் முன்னே அமர்ந்தார்கள்.

ராக் கலைஞரின் தனி இசைத்தட்டைக் குழு வரலாற்றின் பிற்சேர்க்கையாகப் படிக்கும் வரை இத்தொடர்ச்சி கண்ணில் படாது. யார் வாசித்தார்கள், எந்தக் கூடத்தில் வாசித்தார்கள், யார் பெயர் அச்சேறியது என்று கேட்டால், அத்தட்டு இந்திய ஒலிப்பதிவு வரலாற்றின் ஆவணமாகவும் மாறிவிடுகிறது. பம்பாயின் அந்த ஜனவரி நாட்கள் பீட்டில்ஸ் ஆய்வுக்கு உரிய அளவுக்கு நம் இசை வரலாற்றுக்கும் உரியவை.