தோன்றா எழுவாய்

வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். சென்ற மாதம் என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது மருத்துவர் கூறிய கணக்கு இது. ஆக 12 மணி நேரம் இயந்திரத்தின் பொறுப்பு. வாரத்தில் எஞ்சியிருக்கும் 156 மணி நேரத்துக்காகச் செவிலியர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். இளநீரும் வாழைப்பழமும் தவிர்க்க வேண்டும். காய்களை நறுக்கி, நீரில் ஊறவைத்து, வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும். நாள்தோறும் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். கழுத்தில் பொருத்திய குழாயில் ஈரம் படாமல் காக்க வேண்டும்.

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இலக்கணம் நடத்துபவன் நான். அத்தாளில் என் கண்ணில் முதலில் பட்டது, அவ்வாக்கியங்கள் எவற்றுக்கும் எழுவாய் இல்லை என்பதுதான். யார் அளப்பது, யார் வடிப்பது, யார் காப்பது? தோன்றா எழுவாய் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போமே, அது. அந்த எழுவாய் நான்தான் என்பதை வீடு வந்து சேர்வதற்குள் விளங்கிக்கொண்டேன்.

அச்சம் வரும்போது புத்தகத்திடம் ஓடுவது எங்களைப் போன்றோரின் வழக்கம். மனைவி படுக்கையில் கிடந்த அந்த நான்கு மணி நேரங்களில் வெளியே நாற்காலியில் அமர்ந்து இச்சிகிச்சையின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

சொல்லே முதலில் ஈர்த்தது. கிரேக்கத்தில் 'லைசிஸ்' என்றால் தளர்த்துதல், பிரித்தல். 'டயாலிசிஸ்' என்பதை இன்று நாம் அறியும் அறிவியல் பொருளில் வழங்கச் செய்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம்; ஆண்டு 1861. தாவரத் தோல்தாள் ஒன்றை வளையத்தில் இழுத்துக் கட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறுநீரிலிருந்து யூரியா அதன் வழியே கசிந்து செல்வதை அவர் காட்டினார். நம் பாடநூல்கள் இதனைக் கூழ்மப்பிரிப்பு என்கின்றன. கிரகாமுக்கு அது ஒரு வேதியியல் உத்தி மட்டுமே. அதில் நோயாளியும் இல்லை, அவரருகே உட்கார்ந்திருக்கும் ஒருவரும் இல்லை.

மனிதருக்கு இதை முதன்முதலில் செய்து பார்த்தவர் ஜெர்மனியின் கீசன் நகரத்து மருத்துவர் கியோர்க் ஹாஸ், அது 1924. ஆயினும் பயன்தரும் செயற்கைச் சிறுநீரகம் உருவானது போர்க்காலத்தில், நாஜிகள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தின் காம்பன் என்ற சிற்றூரில். வில்லம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையில் சுற்றி, உப்புக் கரைசல் நிரம்பிய தொட்டியில் சுழலவிட்டார். 1943இல் தொடங்கிய அம்முயற்சியில் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இறந்தார்கள். 1945 செப்டம்பரில், நினைவிழந்த நிலையில் 67 வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தனர். பெயர் சோஃபியா ஷாஃப்ஸ்டாட். நாஜிகளுக்குத் துணைபோனவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். அவரைக் காப்பாற்ற வேண்டுமா என்று ஊரார் முணுமுணுத்தபோதும் கோல்ஃப் இயந்திரத்தை இயக்கினார். பல மணி நேரத்துக்குப் பின் அவர் கண்விழித்தார். கோல்ஃப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தபடி, அவர் முதலில் சொன்னது கணவரை மணவிலக்குச் செய்யப் போகிறேன் என்பதே. சொன்னபடி செய்தார், மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதை வாசித்துச் சிரித்தேன். சிரித்தபின் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

சோஃபியாவின் சிறுநீரகம் தானே மீண்டு விட்டது. மீளாத சிறுநீரகம் உடையோருக்கு அன்று வழியில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயை அறுக்க வேண்டும், சில தடவைகளில் அறுக்க இடமே இருக்காது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் 1960இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார்: கையிலேயே நிலையாக விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாய். அந்த மார்ச் மாதம் சிகிச்சை தொடங்கிய கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி 11 ஆண்டுகள் வாழ்ந்தார். சாவு என்று இருந்தது நாட்பட்ட நோய் என்று ஆனது. சிகிச்சை முடிவற்றதானபோதுதான், சிகிச்சையைச் சுற்றி ஒரு குடும்பமும் தேவைப்பட்டது.

1962இல் சியாட்டிலில் திறந்த சிகிச்சை மையத்தில் இடங்களோ சில, வேண்டுவோரோ பலர். யாருக்கு இடம் என்று முடிவுசெய்ய எழுவர் குழு ஒன்று அமைந்தது: வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். வயது, வருமானம், மணமானவரா, எத்தனை பிள்ளைகள், சமுதாயத்துக்கு என்ன பயன் என்றெல்லாம் அவர்கள் எடைபோட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது நாடு அதிர்ந்தது. என் மனைவி வேலைக்குப் போகாதவள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அக்குழுவின் முன் அவளுடைய தாள் எவ்வளவு நேரம் மேசையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பதின்வயதுச் சிறுமி ஒருத்திக்கு அக்குழு இடம் மறுத்தது. அவளுக்காகவே ஆல்பர்ட் பாப் என்ற பொறியியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் சில மாதங்களில் வீட்டில் வைக்கக்கூடிய ஓர் இயந்திரத்தைச் செய்து முடித்தனர். 1964இல் அவளுடைய தாய் அதை இயக்கக் கற்றுக்கொண்டார். அதே ஆண்டில் பாஸ்டனிலும் லண்டனிலும் வீட்டு டயாலிசிஸ் தொடங்கியது.

அந்தக் காலத்துச் சியாட்டில் மருத்துவர்களின் நினைவுக் குறிப்புகளில் சென்னையிலிருந்து வந்த வணிகர் ஒருவரும் இடம்பெறுகிறார். அவருடைய மனைவியும் மருத்துவரான உறவினர் ஒருவரும் அங்கேயே இருந்து இயந்திரத்தை இயக்கக் கற்று, அதனைச் சென்னை வீட்டில் தொடர்ந்தார்கள். 1960களின் முற்பகுதி அது. உலகில் வீட்டு டயாலிசிஸ் பிறந்த அந்த நாட்களிலேயே, குழாயை இணைக்கவும் இரத்தத்தின் ஓட்டத்தைக் கவனிக்கவும் கற்ற ஒரு பெண் நம் ஊரில் இருந்திருக்கிறார்! வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான். அந்த வரியிலும் அவர் 'மனைவி' மட்டுமே.

அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டோரில் நூற்றுக்கு 40 பேர் வரை வீட்டில் செய்துகொண்டனர். துணை நின்றோரில் பெரும்பாலோர் மனைவியர். 1972இல் இயற்றிய சட்டத்தால் அரசே செலவை ஏற்கத் தொடங்கியபின் மையங்கள் பெருகின. வீட்டில் செய்வோர் குறைந்தனர். இந்தியாவில் குடும்பமே பெருஞ்சுமையை ஏற்று வந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன் மனைவியை நெருங்கிய உறவினர் பட்டியலில் சேர்த்தது. உயிரோடிருந்து சிறுநீரகம் தருவோரில் இங்கே பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுறை வழியே வீட்டில் செய்யும் டயாலிசிஸுக்கான கரைசல் பைகள் வாசலுக்கே வருகின்றன. பையை வாங்கி, கை கழுவி, தூக்கிக் கட்டுபவர் யார் என்பது இங்கும் தோன்றா எழுவாய்தான்.

நம் மரபிலும் நோயுற்ற கணவனைக் கூடையில் சுமந்த நளாயினி உண்டு. மனைவியைச் சுமந்த கணவனைத் தேடினேன். சட்டென்று நினைவுக்கு ஒருவரும் வரவில்லை. இதை அவளிடம் சொன்னபோது, "கூடையெல்லாம் வேண்டாங்க, ஸ்கூட்டர்ல பள்ளம் பார்த்து ஓட்டுனா போதும்" என்றாள்.

இப்போது சோஃபியாவிடம் திரும்ப வேண்டும். இரண்டாம் வாரம், தண்ணீரை நூறு மில்லி டம்ளரால் அளந்து, குறித்து, பானையை அடுக்களையின் மேல்தட்டில் ஏற்றிவைத்திருந்தேன். ஓர் இரவு விளக்கைப் போட்டபோது அவள் நாற்காலியின் மேல் ஏறி நின்று பானையில் கைவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். வகுப்பறையில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவள் இறங்கி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "தாகம் எனக்குத்தானே" என்று மட்டும் சொன்னாள். கோல்ஃபின் நோயாளியைப் பற்றிப் படித்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. கதையை அவளிடம் சொன்னேன். சிகிச்சை தொடங்கியபின் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தவள் கேட்டாள்: "அந்தம்மாவுக்கும் புருஷன் தண்ணி அளந்து குடுத்தாரா?"

இயந்திரத்தை வீட்டுக்கு அனுப்பியபோது ஸ்க்ரிப்னரின் குழு வலியுறுத்திய ஒன்றை அப்போதுதான் சரியாக வாசித்தேன். சிகிச்சையின் பொறுப்பு முதலில் நோயாளியுடையது. தன்னால் இயன்றதை அவரே செய்ய வேண்டும். துணையிருப்பவர் துணை மட்டுமே. நான் இலக்கணத்தில் தவறியிருந்தேன். அத்தாளின் தோன்றா எழுவாய் நான் அல்லன். நான் வேற்றுமை உருபு மட்டுமே: 'ஓடு', 'உடன்'.

மறுநாள் டம்ளரையும் குறிப்பேட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். பானை கீழே வந்தது. நான் அளந்தபோது இரு சிகிச்சைகளுக்கு இடையே ஏறிய எடையும், அவள் அளக்கும்போது ஏறும் எடையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவளுடையது குறைவு என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் சில நாட்கள் குறைவு, சில நாட்கள் கூடுதல். கூடிய நாட்களில் தான் குடித்த கூடுதல் டம்ளரையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள்.

இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் பிரெஸ்சியாவும் சிமினோவும் 1966இல் உலகுக்கு அறிவித்த முறை. அது முதிர இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை கழுத்துக் குழாய்தான். அவ்விடத்தில் விரல் வைத்தால் தேனீக்கள் இரைவது போன்ற அதிர்வு தெரியும். அது நின்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் அவளே தொட்டுப் பார்த்து, "ஓடுதுங்க" என்கிறாள். சில நாட்களில் கையை என் பக்கம் நீட்டுகிறாள். நானும் தொட்டுப் பார்க்கிறேன்.