நீலக்கல்லுக்கு நீலம் வந்த வகை

கொழும்பிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டியையும் வெள்ளவத்தையையும் கடந்து பாணந்துறையை அடைந்தால், அங்கிருந்து கிழக்கே பிரியும் பாதை இரத்தினபுரிக்குச் செல்கின்றது. அந்நகரைச் சூழ்ந்த வயல்களின் அடியிலே, சிங்களத்தில் ‘இல்லம’ எனப்படும் சரளைப் படை கிடக்கின்றது. தமிழ்ச் செவிக்கு அது வீடு என்றே ஒலிக்கும். நீலக்கல்லுக்கு அது வீடேதான்.

இக்கல் குருந்த இனத்தைச் சேர்ந்தது. மேனாட்டார் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் குருந்தத்திலிருந்து பிறந்ததே. தூய குருந்தம் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. அதற்கு நிறமே இல்லை. அலுமினிய அணுக்களுள் மிகச் சில விலகி, அவற்றின் இடத்திலே குரோமியம் அமர்ந்தால் கல் சிவந்து மாணிக்கமாகின்றது. பிரான்சிய இரசாயன அறிஞர் ஒகுஸ்து வெர்னுயி, அலுமினியம் ஒட்சைட்டுத் தூளிலே சிறிது குரோமியத்தைக் கலந்து, சுவாலையில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்த்த முறையை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1960இல் அமெரிக்கரான தியடோர் மைமன் முதல் லேசர் ஒளியை எழுப்பியதும் இத்தகைய மாணிக்கத்திலிருந்துதான்.

நீலமோ எளிதில் வசப்படவில்லை. கண்ணாடிக்கு நீலம் ஊட்டுவது கோபால்ற்று அன்றோ? அதையே குருந்தத்திற்கும் இட்டுப் பார்த்தனர். நிறம் திட்டுத் திட்டாக நின்றது. கோபால்ற்று பரவ உதவும் என்று மகனீசியம் சேர்த்தபோது நீலம் சீராகப் பரவிற்று. ஆனால் விளைந்த கல் குருந்தமன்று, ஸ்பினல் என்னும் வேறொரு பளிங்கு. அதிலே மகனீசியத்துக்கென அமைந்த இடங்கள் கோபால்ற்றுக்குப் பொருந்தின. குருந்தம் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும், ஸ்பினல் பிரிப்பதில்லை. ஆகவே சோதனையில் வேடம் கலைந்தது.

இரும்பும் தைத்தேனியமும் கூடியே நீலம் தருகின்றன என்பதை வெர்னுயி கண்டு, 1911இல் உரிமைப்பத்திரம் பெற்றார். அலுமினிய அயன் மூன்று நேரேற்றம் உடையது. அத்தகைய இரண்டின் இடத்தில் இரண்டு ஏற்றமுள்ள இரும்பும் நான்கு ஏற்றமுள்ள தைத்தேனியமும் அருகருகே அமரின் கணக்கு ஒத்துப்போகும். ஒளி படும்போது இரும்பிலிருந்து ஓர் இலத்திரன் தைத்தேனியத்துக்குத் தாவுகின்றது. அத்தாவலிலே மஞ்சளும் சிவப்பும் உறிஞ்சப்பட, நீலம் மட்டும் நம் கண்ணுக்கு மிஞ்சுகின்றது.

இவ்வுண்மையை அறிந்திருந்தும் இலங்கை இழந்தது சிறிதன்று. பால் போல் மங்கிய ‘கெவுடா’ என்னும் கற்களை இங்குள்ளோர் மதித்ததில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, ஏறத்தாழ 1,600 பாகை சதம அளவையும் அதற்கு மேலும் சூடாக்கி, நல்ல நீலக்கற்களாக விற்றனர். கெவுடாவில் தைத்தேனியம் இல்லாமலில்லை. அலுமினியத்தின் இடத்தில் சேராது, நுண்ணிய ஊசிகளாகத் தனித்து நின்றது. மங்கலுக்குக் காரணமும் அதுவே. ஒட்சிசன் குறைந்த உலையிலே ஊசிகள் கரைந்து, தைத்தேனியம் இரும்பின் அயலிலே குடியேறிற்று. இலங்கையில் ஊதுகுழலும் கரியும் கொண்டு மாணிக்கத்தின் ஊதாச் சாயலை நீக்கும் பழந்தொழில் உண்டெனினும், அவ்வெப்பம் இதற்குப் போதாது. உயர்வெப்ப உலைகள் பின்னரே இங்கு வந்தன; அதற்குள் விலைபோன கெவுடா எவ்வளவோ!