கேரியின் இரண்டு பிரசங்கங்கள்

கிறிஸ்தவப் பிரசங்க மேடையில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினா ஒன்று உண்டு. மனிதனின் மீட்பு முற்றிலும் கடவுளின் செயலே என்றால், மனிதன் செய்வதற்கு எஞ்சி நிற்பது யாது? அவன் வாளாவிருக்கலாமா? அவ்வாறன்றி அவனும் உழைக்க வேண்டுமெனில், கடவுளின் வல்லமைக்கு அவ்வுழைப்பு ஓர் இழுக்காகாதா? இவ்வினாவைச் சமய சாத்திர நூல்களில் மட்டும் தேடினால் வாதங்கள் பெருகுமேயன்றி முடிவு கிட்டாது. ஆகவே, இதனை ஒரு மனிதருடைய வாழ்க்கையில் வைத்துக் காணப் புகுவோம். அவர் வில்லியம் கேரி. அவர் நிகழ்த்திய எண்ணற்ற பிரசங்கங்களுள் நாம் எடுத்துக்கொள்வன இரண்டு. ஒன்று இங்கிலாந்தில் 1792ஆம் ஆண்டிலும், மற்றொன்று வங்காளத்தில் 1812ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தவை.

கேரி 1761ஆம் ஆண்டில் நார்தாம்ப்டன்ஷயர்ப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழில் கற்றவர், பள்ளி ஆசிரியராயிருந்தவர், பிறகு பாப்டிஸ்டு சபையின் போதகரானவர். அவர் வாழ்ந்த வட்டாரத்துப் பாப்டிஸ்டுகளிடையே, யார் யார் மீட்கப்படுவர் என்பதைக் கடவுள் முன்னமே குறித்துவிட்டார். ஆதலால் பிறரை விசுவாசத்திற்கு அழைப்பது மனிதன் வேலையன்று என்னும் கருத்து ஆழமாக வேரூன்றியிருந்தது. அயல்நாட்டாருக்கு நற்செய்தி கூறுவதைப் பற்றிக் கேரி ஒரு கூட்டத்தில் பேசத் தொடங்கியபொழுது, மூத்த போதகர் ஒருவர், கடவுள் விரும்பினால் உமது உதவியின்றியே அதனைச் செய்துகொள்வார் என்று கூறி அவரை உட்காரச் செய்தார் என ஒரு செய்தி வழங்குகிறது. அது நடந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடவாதிருப்பினும், அக்காலத்து மனநிலையை அச்செய்தி நன்கு காட்டுகிறது எனலாம்.

இதற்கு மறுமொழியாகக் கேரி 1792இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடவுளின் ஆட்சியை அவர் மறுத்தாரில்லை. அவ்வாட்சி மனிதரின் சாதனங்கள் வழியாகவே நடைபெறுகிறது என்றார். வணிகர் ஆதாயத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்கின்றனர். விசுவாசிகள் ஏன் செல்லலாகாது என்று கேட்டார். உலக நாடுகளையும் அவற்றின் மக்கள் தொகையையும் பட்டியலிட்டார். எந்த மொழியையும் ஓரிரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதினார். அவ்விடத்தைப் படிக்கையில் நமக்குச் சிறிது நகைப்பு வராமற் போகாது. அதே ஆண்டு மே மாத இறுதியில் நாட்டிங்காம் நகரில் அவர் செய்ததே முதற் பிரசங்கம். கூடாரத்தை விரிவாக்கு, கயிறுகளை நீளமாக்கு என்னும் கருத்தமைந்த ஏசாயா ஆகமப் பகுதியை எடுத்துக்கொண்டு, கடவுளிடமிருந்து பெரியன எதிர்பார்க்க வேண்டும், கடவுளுக்காகப் பெரியன முயல வேண்டும் என்று பேசினார். பேச்சின் முழு வடிவம் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அதன் அமைப்பு கருதத்தக்கது. எதிர்பார்ப்பு முன்னே நிற்கிறது. முயற்சி அதன் பின்னே வருகிறது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங் என்னும் ஊரில் சங்கம் ஒன்று நிறுவப்பட்டபோது சேர்ந்த வாக்குறுதித் தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

1793 நவம்பரில் கேரி கல்கத்தாவில் வந்திறங்கினார். மேடையில் பேசிய சொல்லுக்கு வாழ்க்கை விலை கேட்கத் தொடங்கிற்று. வருவதற்கு முதலில் மறுத்து, தங்கை துணைவரப் பின்னர் இசைந்தவர் அவருடைய மனைவி டாரதி. அவருரிமை மத்னாபதியில் கேரி ஓர் அவுரித் தொழிற்சாலையின் பொறுப்பிலிருந்தபோது, 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டாரதியின் மனநலம் குலைந்தது. 1807இல் அவர் மறையும் வரை அது தேறவில்லை. கடவுளோடு உழைப்பவர் என்று நாம் ஒருவரைப் போற்றும்போது, அவ்வுழைப்பைத் தாம் தேர்ந்துகொள்ளாத மற்றொருவர் அதன் சுமையைத் தாங்கியதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கேரியின் வரலாறுகள் பலவற்றில் டாரதிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

பிரசங்கத்தின் பயனோ கண்ணுக்குப் புலப்படவில்லை. ஏழாண்டுகள் கழிந்த பின்னர், 1800 டிசம்பரில், கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குள் கேரி செராம்பூருக்குக் குடிபெயர்ந்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லையில் மிஷனரிகளை விரும்பவில்லை. செராம்பூர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறிய தரங்கம்பாடியிலும் பறந்தது அதே டேனிஷ் கொடிதான்.

செராம்பூரில் ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய இருவரும் கேரியுடன் இணைந்தனர். வேதம் தாய்மொழியில் மக்கள் கையில் இருந்தால் அதுவே பேசும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்த வேதத்தைப் பேச வைக்க எத்தனை மனிதர் தேவைப்பட்டனர்! வங்க எழுத்துகளைச் செதுக்கியவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கைவினைஞர். சொல்லையும் நடையையும் திருத்தியவர்கள் ராம்ராம் பாசு முதலிய அறிஞர்கள். அவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவராகாதவர்கள். 1801இல் வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதன் நடை கரடுமுரடானது. கேரியே அதில் மனநிறைவு கொள்ளாமல் பதிப்புக்குப் பதிப்பு திருத்திவந்தார். கடவுளின் சொல்லில் பிழையில்லை என்று நம்பியவர், தம் மொழிபெயர்ப்பில் பிழை உண்டென்பதை ஒருபோதும் மறந்தாரில்லை. அவருடைய விசுவாசத்தில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி இதுவே.

1812 மார்ச் 11ஆம் நாள் மாலை. வார்டு அச்சுக்கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதக் கிடங்கிலிருந்து புகை எழுந்தது. அதனை அணைக்க எடுத்த முயற்சிகள் பயனற்றுப் போயின. இரவில் கூரை சரிந்து வீழ்ந்தது. பல இந்திய மொழிகளின் அச்செழுத்துகள் உருகி ஈயக் குழம்பாயின. அவற்றுள் தமிழ் எழுத்துகளும் இருந்தன. கேரி பல ஆண்டுகள் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படிகள் எரிந்தன. தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்களின் படிகளும், இராமாயண மொழிபெயர்ப்பின் பகுதிகளும் அவ்வாறே அழிந்தன. இழப்பு ஏறத்தாழ 10,000 பவுன் என மதிப்பிடப்பட்டது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் சென்று செய்தியைக் கூறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரி பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட பொருள், அமைதியாயிருந்து கடவுளே கடவுள் என்பதை அறியுமாறு பணிக்கும் 46ஆம் சங்கீதத்து வாக்கு. மனிதரையும் அவர்தம் உடைமையையும் தம் விருப்பப்படி நடத்தக் கடவுளுக்கு உரிமை உண்டு. அதற்கு இணங்குவது மனிதரின் கடமை என இரு பகுதிகளாக அவர் பேசினார். இருபதாண்டுகளுக்கு முன் முயலுங்கள் என்று முழங்கியவர், இப்பொழுது அமைந்திருங்கள் என்கிறார். முதற் பிரசங்கத்தை அவர் கைவிட்டாரோ என்று நேயர்கள் ஐயுறலாம்.

அவ்வாறு கொள்வதற்கில்லை. வார்டு சாம்பற் குவியலைக் கிளறியபோது, எழுத்துகளைச் செதுக்கிய எஃகு முளைகளும் அவற்றைக் கொண்டு பதித்த வார்ப்பு அச்சுகளும் கெடாமல் கிடைத்தன. அச்சுப்பொறிகளும் வேறிடத்தில் இருந்தமையால் தப்பின. அமைந்திருக்கச் சொன்ன பிரசங்கம் ஒருபுறமிருக்க, உருகிய ஈயத்தைத் திரட்டி மீண்டும் எழுத்து வார்க்கும் வேலை அருகிலிருந்த ஒரு கிடங்கில் உடனே தொடங்கிவிட்டது. அமைதி என்பதை அவர்கள் செயலின்மை என்று பொருள்கொள்ளவில்லை. விளைவைத் தம் கைப்பொருளாக எண்ணாமையே அவர்கள் கண்ட அமைதி. செய்தி இங்கிலாந்தை அடைந்த இரண்டு திங்களுக்குள் இழப்பை ஈடு செய்யும் தொகை அங்கே திரண்டது. இருபதாண்டுகளுக்கு முன் 13 பவுன் சேர்ந்த சங்கத்திற்குத்தான் இத்தொகை கிடைத்தது.

1813இல், பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அதே செராம்பூர் அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. ஒருமுறை நடந்த வழியில் இரண்டாம் முறை நடப்பது எளிது என்னும் கருத்துப்படக் கடிதம் எழுதிய கேரி, எரிந்துபோன மொழிபெயர்ப்புகளை அறிஞர்களோடு அமர்ந்து திரும்பவும் செய்தார். பன்மொழி அகராதி மட்டும் மீண்டும் உருப்பெறவில்லை.